அக்கா வயலில் போன போர்க்கப்பல்

கண்காணிப்பு அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதலில் என் பொறாமையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் நாற்காலி சுழல்கிறது. எங்கள் நாற்காலி ஆடியது, அதுவும் ஒரு பக்கமாக மட்டும். உங்கள் திரை சுவரளவு இருக்கிறது. வங்காள விரிகுடாவில் எந்தக் கப்பல் போனாலும் அதன் பெயர், கொடி, வேகம், போகும் திசை எல்லாம் அது அனுப்பும் சிக்னலிலிருந்து எழுத்தில் வந்து நிற்கிறது. நாகப்பட்டினத்தில் உட்கார்ந்துகொண்டே மலாக்கா வரைக்கும் வேடிக்கை பார்க்கலாம். நன்றாகப் பாருங்கள். பார்த்ததை நம்புவதற்கு முன்னால் மட்டும் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

"வல்லரசுப் போட்டி, பிராந்தியப் பாதுகாப்பு, இதப் பத்தியெல்லாம் உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க மேடம்" என்று உங்கள் அதிகாரி கேட்டார். வாய் நிறையும் வார்த்தைகள். எந்த நாடு யாரோடு சேர்ந்தது, யாரை விட்டுப் பிரிந்தது என்பதை நான் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டதே இல்லை. அக்கரையின் ரோந்துப் படகு நம் மீனவர்களைப் பார்த்துக் கையாட்டித் திருப்பி அனுப்பினால் டெல்லியோடு உறவு நன்றாக இருக்கிறது. பிடித்துக்கொண்டு போனால் அவர்கள் வீட்டுக்கு வேறு யாரோ விருந்துக்கு வந்திருக்கிறார்கள். என் கணக்கு இவ்வளவுதான். பெரும்பாலும் அது தப்பியதில்லை.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் என் முதல் மேலதிகாரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உயிரோடு இருந்திருந்தால் பெயரைப் போட்டதற்குத் திட்டியிருப்பார், அதனால் போடவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சாயங்காலம், ரேடாரில் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசை கட்டிக்கொண்டு கோடியக்கரையை நோக்கி வந்தன. படகுகள், அடையாளம் தெரியாத படகுகள் என்று நான் துள்ளிக் குதித்துச் செய்தி அனுப்பக் கிளம்பிவிட்டேன். அவர் நிதானமாகத் தொலைபேசியை எடுத்து, கோடியக்கரையில் டீக்கடை வைத்திருந்த ஒருவரைக் கூப்பிட்டு, "கொஞ்சம் வெளிய வந்து கெழக்க பாருங்க" என்றார். கடைக்காரர் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "பூநாரைங்க சார். கூட்டங் கூட்டமா வருதுங்க. பாக்க அவ்ளோ நல்லாருக்கு."

மேலதிகாரி தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "திரை சொல்லுது, சரி. யாரு கண்ணால பார்த்தா?"

அவரோடு வேலை பார்த்த காலம் முழுவதும் அவர் கேட்டது இந்த ஒரு கேள்விதான். மேலிடத்திலிருந்து அமைச்சர் வருகிறார் என்று தகவல் வந்தால் அதற்கும் இதையே கேட்பார். சாப்பாட்டுக் கேரியரில் வடை இருக்கிறது என்று யாராவது சொன்னாலும் இதையேதான் கேட்பார். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அவர் இறந்து பல வருடங்கள் கழித்து, நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய தை மாதத்தில், அந்தக் கேள்வி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

அந்த வாரம் கடல் சரியில்லை. காற்றையும் அலையையும் சொல்லவில்லை. கடலை ஆராய்ச்சி செய்வதாகச் சொல்லிக்கொண்டு ஒரு பெரிய நாட்டின் கப்பல் அக்கரைத் துறைமுகத்தில் வந்து கட்டியிருந்தது. நம் அரசாங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. நம்மோடு சமீபத்தில் நெருக்கமாகியிருந்த இன்னொரு பெரிய நாடு, கூட்டுப் பயிற்சிக்கென்று தன் போர்க்கப்பலை விரிகுடாவுக்குள் கொண்டுவந்திருந்தது. அக்கரை அரசாங்கம் இருவரையும் பார்த்துச் சிரித்தது, இருவருக்கும் மாலை போட்டது. அங்கே சிரித்த சிரிப்புக்கெல்லாம் சேர்த்து எல்லைக்கோட்டில் முறைத்தது. கோட்டுக்குப் பக்கத்தில் வந்த நம் படகுகளைக் கேள்வி கேட்காமல் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆள் திரும்பி வந்தாலும் படகு திரும்பி வருவதில்லை. கோட்டுக்கு நெடுந்தூரம் இப்பாலேயே நில்லுங்கள் என்று எல்லாப் படகுகளுக்கும் தொண்டை வறளச் சொல்லியிருந்தோம்.

அன்று காலை பனி இறங்கியிருந்தது. பொழுது விடிந்து வெகு நேரமாகியும் ஜன்னல் முழுக்க வெள்ளை. கடலும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. படகுகள் மட்டும் திரையில் பச்சைப் புள்ளிகளாகத் துறைமுகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

கோடியக்கரைக்குத் தெற்கே ஒரு சிவப்பு அம்பு முளைத்தது. நகர்ந்து வரவில்லை. ஒன்றுமில்லாத இடத்தில் சட்டென்று முளைத்தது. பக்கத்தில் பெயர் வந்தது, கொடி வந்தது. அந்த முதல் பெரிய நாட்டின் போர்க்கப்பல். நம் கடலுக்குள்.

உடனே மேலிடத்துத் தொலைபேசி அடித்தது. "மேடம், உங்க திரையிலயும் தெரியுதா?"

"தெரியுது சார்."

"உறுதின்னு போட்டு அனுப்புங்க. நான் மேல குடுக்கணும். எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

உறுதி என்பது சின்ன வார்த்தை. அன்று நான் அதைப் போட்டு அனுப்பியிருந்தால் நம் கப்பல்கள் கிளம்பும், விமானம் கிளம்பும். நம் நண்பர்கள் ஏற்கெனவே பீரங்கியோடு பக்கத்தில்தான் நிற்கிறார்கள். நடுவில் பனிக்குள் எங்கள் மீனவர்கள். ஒரு நிமிடம் பொறுங்கள் என்றேன்.

அந்த அம்பு மேற்கே திரும்பி முத்துப்பேட்டைக் காயலுக்குள் நுழைந்தது. அந்தக் காயலில் ஆள் இறங்கி நிற்கலாம், படகைக் கழி ஊன்றித் தள்ளுவார்கள். போர்க்கப்பல் வேகத்தைக் குறைக்கவில்லை. அலையாத்திக் காட்டைத் தாண்டியது. கரையேறியது. மன்னார்குடிப் பக்கமாக, சம்பா அறுவடைக்கு நிற்கும் வயல்களின் மேல் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொரு அம்பு முளைத்தது. நம் நண்பர்களின் போர்க்கப்பல். முன்னதைத் துரத்திக்கொண்டு அதுவும் வயலில் போனது.

அது சிரிக்க வேண்டிய காட்சிதான், ஆனால் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வல்லரசுகள் சத்தமே இல்லாமல் தஞ்சாவூர் நெல்லுக்குள் போய்க்கொண்டிருந்தன. எந்தத் திரையில் சுனாமிக்குப் பிறகு கடலின் ஒவ்வொரு அசைவையும் பார்க்கப் பழகியிருந்தோமோ அதே திரையில்.

யாரு கண்ணால பார்த்தா?

என் அக்கா எஸ்தரைத் திருவையாற்றுக்குப் பக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. காவிரி வளையும் இடத்தில்தான் அவள் வயல். அம்புகள் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தன. கைபேசியில் கூப்பிட்டேன்.

"எங்கக்கா இருக்க?"

"வயல்லதான்டி. அறுப்பு மிஷின் வந்து நிக்குது. பனி விலகட்டும்னு டிரைவர் உள்ளயே தூங்குறான், மணிக்கணக்குக்குக் காசு ஏறுது. என்ன விஷயம்?"

"அங்க ஏதாச்சும் தெரியுதா?"

"என்னடி தெரியணும்?"

தயங்கித் தயங்கிச் சொன்னேன். "கப்பல்."

"ஏன்டி, ராத்திரி தூங்குனியா இல்லையா? ஆத்துலயே மணலுதான் கெடக்கு, வயல்ல கப்பலு கேக்குறா" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். குரல் மாறியது. "இரு, இரு. கொக்கெல்லாம் எழும்புதுடி. மொத்த வயலும் ஒண்ணா எழும்புது. ஒரு சத்தமும் இல்லையே, என்னத்தப் பாத்து மெரண்டுச்சோ தெரியல."

திரையில் முதல் அம்பு அப்போது ஆற்று வளைவைக் கடந்துகொண்டிருந்தது.

"கப்பல் ஒண்ணும் இல்லையே?" என்றேன். இல்லை, பனியும் நெல்லும்தான் என்றாள். எனக்கு அது போதும். மேலிடத்துத் தொலைபேசியை எடுத்தேன். "சார், உறுதி இல்லை. கண்ணால பார்த்தவங்க யாரும் இல்லை. ரெண்டு போர்க்கப்பலும் இப்ப திருவையாறு பக்கம் நெல் வயல்ல போய்க்கிட்டிருக்கு."

"மேடம், இத நான் எப்படி மேல சொல்றது?"

"நான் சொன்னபடியே சொல்லுங்க."

"அப்ப பொறுப்பு உங்களோடதுதான்."

"ஆமா சார்."

யாரோ எங்கிருந்தோ பொய்யான சிக்னலை ஊட்டுகிறார்கள் என்பது அப்போது புரிந்துவிட்டது. புரிந்ததும் பயம் போயிருக்க வேண்டும். போயும்விட்டது. வானொலியில் ஒரு பெண்ணின் குரல் வரும்வரைக்கும்.

"தம்பி, குமரவேலு தம்பி, கேக்குதா? நீலவேணி வருதுப்பா. போன்ல காட்டுது."

தேவியின் குரல். துறைமுகத்தில் படகுச் சங்கத்தின் கரை வானொலியிலிருந்து பேசினாள். அவள் யாரென்று சொல்கிறேன். அவள் கணவன் செல்வமணியின் படகு நீலவேணி. முந்தைய வருடத்துப் புயலில் ஆட்களோடு காணாமல் போனது. ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. கிடைக்காததால் தேவி பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. கடலில் எந்தப் படகு எங்கே இருக்கிறது என்று காட்டும் செயலியைக் கைபேசியில் போட்டு, அதில் நீலவேணியைக் குறித்து வைத்திருந்தாள். படகின் சிக்னல் எழும்பினால் கைபேசி ஒலி எழுப்பும். அன்று காலை அது ஒலி எழுப்பியது.

அவள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. காணாமல் போன படகுக்குக் கரையில் அதன் இடத்தை விட்டுவைப்பார்கள், வேறு எவரும் அங்கே கட்டமாட்டார்கள். அந்தப் படகு எங்காவது கண்ணில் பட்டால் அதற்கு முதல் கயிற்றைப் போட வேண்டியது ரத்த சொந்தம். வேறு ஆள் போட்டால் படகு வரும், ஆள் வரமாட்டான் என்பார்கள். குமரவேல், செல்வமணியின் தம்பி. அன்று அவன் தன் படகில் கடலில் இருந்தான்.

"அண்ணி, பனியில ஒண்ணும் தெரியலயே. எந்தப் பக்கம்?"

"ஒனக்குக் கெழக்கதான்பா. நேரா கெழக்க."

திரையைப் பார்த்தேன். நீலவேணி, அதே பதிவு எண், எல்லைக்கோட்டுக்கு அப்பால். குமரவேலின் பச்சைப் புள்ளி நின்றது. பிறகு மெதுவாகக் கிழக்கே திரும்பியது.

நான் மைக்கை எடுத்தேன். "குமரவேலு, கண்காணிப்பு அறையிலேருந்து பேசுறேன். போட்டத் திருப்பு."

"மேடம், அண்ணன் வருது."

"அது வெறும் சிக்னல்பா."

"சிக்னல் தானா வருமா மேடம்? கருவி அந்தப் போட்டுலதான இருக்கு?"

இந்தக் கருவியை மாட்டுங்கள், உங்கள் படகு எங்கிருந்தாலும் இது காட்டிக்கொடுக்கும், பொய்யே சொல்லாது என்று துறைமுகம் துறைமுகமாகப் போய் வகுப்பு எடுத்தவர்கள் நாங்கள்தான். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவன் இவன்.

"இதே திரையில என் அக்கா வயல்ல ரெண்டு போர்க்கப்பல் போவுது குமரவேலு. திருவையாத்துல. அறுப்புக்கு நிக்கிற வயல். அக்கா அங்கயே நின்னு பாக்குறா, ஒண்ணுமே இல்லேங்கிறா. அது எப்படிப் பொய்யோ, இதுவும் அப்படித்தான்."

வேறு ஏதோ படகில் யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள். எல்லாப் படகுகளும் கேட்டுக்கொண்டிருக்கின்றன என்று தெரிந்தது. குமரவேல் சொன்னான்: "அது கப்பல் மேடம். இது எங்கண்ணன். நான் போகலேன்னா மொதக் கயிற யாரு போடுவா? அக்கரைக்காரனா?"

புள்ளி நிற்கவில்லை. கோட்டுக்கு அருகே போய்க்கொண்டே இருந்தது. அவனோடு மூன்று பேர் அந்தப் படகில். கோட்டுக்கு அந்தப் பக்கம் பனிக்குள் யார் காத்திருக்கிறார்கள் என்று தெரியாது, அவர்கள் சிக்னல் போடுவதில்லை. உன் அண்ணன் செத்துப்போய்விட்டான், திரும்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் திரும்பக்கூடும். தேவி கேட்டுக்கொண்டிருக்க அதை நான் எப்படிச் சொல்வேன்? அதுவும், சொல்ல எனக்கு என்ன உரிமை? யாரு கண்ணால பார்த்தா?

நீலவேணியின் புள்ளியை இன்னொரு முறை பார்த்தேன்.

"தேவி, போன்ல நல்லாப் பாரு. நீலவேணி எந்தப் பக்கம் பாத்து வருது?"

"கரையப் பாத்துதான் மேடம்."

"அப்ப வீட்டுக்குத்தான் வருது. வீட்டுக்கு வர்ற ஆள எதுக்கு எதுத்தாப்புல போய்க் கூப்பிடணும்? வழி தெரியாதவனா செல்வமணி? கயிறு கடல்லதான் போடணும்னு இருக்கா? கரையிலேருந்து போட்டா ஆகாதா?"

எந்தப் படகிலிருந்தோ ஒரு வயதான குரல், "கரையிலேருந்தும் போடலாம்மா. போட்டிருக்கோம்" என்றது.

"தேவி, அவன் என் பேச்சக் கேக்க மாட்டான். உன் பேச்சத்தான் கேப்பான்."

அவள் மைக்கை அழுத்திப் பிடித்திருந்தாள். ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் சத்தமும் காக்கைகளின் சத்தமும் எனக்குக் கேட்டன. ஒரு வருடத்துக்கு மேல் அவள் காத்திருந்தது இந்த ஒரு புள்ளிக்காக. அதை விட்டுவிட்டு வா என்று அவளையே சொல்லச் சொல்கிறேன். அந்தக் கொடுமை எனக்குத் தெரியாமல் இல்லை.

"தம்பி," என்றாள். "திரும்பி வந்துருங்க. நான் ஒருத்தி கரையில நிக்கிறது போதும்பா. உங்க வீட்டுலயும் ஒருத்தி வந்து நிக்க வேணாம். வாங்க, ரெண்டு பேருமா இங்கேருந்து போடுவோம்."

பச்சைப் புள்ளி நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு மேற்கே திரும்பியது. திரும்பும்போது பனிக்குள் மிகப் பக்கத்தில் ஒரு பெரிய எஞ்சின் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்ததாகவும், டீசல் வாடை தங்கள் முகத்தில் அடித்ததாகவும் அவனோடு இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

"மேடம், பின்னால வருதா?" என்று குமரவேல் கேட்டான்.

"வருது."

"எவ்ளோ தூரத்துல?"

"அதே தூரத்துல."

அவன் வேகத்தைக் குறைத்தால் அதுவும் குறைப்பதுபோல இருந்தது. இந்த நேரத்துக்குள் போர்க்கப்பல்கள் இரண்டும் திருவையாற்றைத் தாண்டித் திரையிலிருந்து மறைந்துவிட்டன. நீலவேணி மறையவில்லை.

அதற்கு என்ன காரணம் என்று பிறகு நிபுணர்கள் வந்து விளக்கினார்கள். பொய்யான சிக்னல் செய்பவர்கள் அது உண்மைபோலத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பழைய நாட்களின் பதிவுகளையும் சேர்த்துக் கலப்பார்களாம். நீலவேணி ஏதோ ஒரு சாதாரண நாளில் மீனோடு வீடு திரும்பியதை ஒரு இயந்திரம் எடுத்து வைத்திருந்து, அன்று அதைத் திருப்பி ஓட்டியிருக்கிறது. இரண்டு வல்லரசுகள் ஒன்றையொன்று சீண்டிப் பார்ப்பதற்கு ஒரு காணாமல் போன மீனவனின் வழி தேவைப்பட்டிருக்கிறது. அவன் பெயர்கூட அவர்களுக்குத் தெரிந்திருக்காது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. எந்த நாடு செய்தது என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாட்டு அமைச்சர்களும் வேறு ஏதோ ஊரில் கைகுலுக்கிய படம் பிறகு வந்தது. அக்கரைப் படகுகள் மறுபடியும் கையாட்ட ஆரம்பித்தன.

நிபுணர்களின் விளக்கம் நல்ல விளக்கம். ஒரே ஒரு இடத்தில்தான் எனக்கு இடித்தது.

செல்வமணி இருந்தவரை நீலவேணியைக் கட்டியது தெற்குப் பக்கத்துப் பழைய துறையில். அந்தத் துறையைப் புயல் உடைத்துவிட்டது. அதற்குப் பிறகு வடக்கே புதிதாகக் கட்டினார்கள், படகுகளெல்லாம் அங்கே மாறின. நீலவேணிக்கான காலி இடத்தையும் அங்கேதான் புதிதாக விட்டுவைத்தார்கள். அந்த இடத்தில் நீலவேணி ஒரு நாளும் நின்றதில்லை. நிற்க வாய்ப்பே இல்லை.

குமரவேல் படகைக் கட்டிவிட்டு மைக்கைக் கீழே வைக்காமல் கேட்டான். "மேடம், இப்ப எங்க வருது?"

திரையில் அந்தப் புள்ளி முகத்துவாரத்துக்குள் வந்தது. பழைய துறையின் பக்கம் திரும்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை. அதைத் தாண்டி வடக்கே வந்தது. இரண்டு படகுகளுக்கு நடுவே விட்டிருந்த இடைவெளிக்குள் நுழைந்து நின்றது.

சொல்வதா வேண்டாமா என்று எனக்கு அப்போது ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. வாக்குக் கொடுத்து வரவழைத்தது நான். "ஒனக்குப் பக்கத்துலதான்பா" என்றேன். "எடம் விட்டு வச்சிருக்கீங்களே, அங்க."

அவன் கயிற்றை வீசினான் என்று சொன்னார்கள். வெறும் தண்ணீரில். மறுமுனையைத் தேவி வாங்கிக் கரைக் கட்டையில் கட்டினாளாம்.

என் அறிக்கையில் போர்க்கப்பல்களைப் பற்றி எழுதினேன், நெல் வயலைப் பற்றி எழுதினேன். கொக்குகளை எழுதவில்லை. காலி இடத்தில் வந்து நின்ற புள்ளியையும் எழுதவில்லை. கண்ணால் பார்த்தவர்கள் இல்லாததை நான் எழுதுவதில்லை.

வேலை முடிந்ததும் நேரே துறைமுகத்துக்குப் போனேன். பனி விலகி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. காற்றில்லை. நீரோட்டமும் இல்லை. வரிசையாகக் கட்டியிருந்த படகுகளின் கயிறுகளெல்லாம் தொய்ந்து தண்ணீரில் கிடந்தன. காலி இடத்துக்கு எதிரே தேவி தரையில் உட்கார்ந்து, கட்டையில் கட்டிய கயிற்றின் மேல் கையை வைத்திருந்தாள். என்னைப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

அந்த ஒரு கயிறு மட்டும், எதையோ பிடித்திருப்பதுபோல, விறைத்து நின்றது.

யாரு கண்ணால பார்த்தா என்று கேட்பீர்கள். நான்தான் பார்த்தேன்.